காத்து வர்ற மூலையைக் காட்டிக் கொடுத்த கதை

மற்ற தொழில்களில் வேலையை மோசமாகச் செய்தால் சரக்கு கெட்டுப் போகும். ஊரில் யாருக்கும் தெரியாத இடங்களைத் தேடிப் பிடித்து வலைப்பூவில் எழுதுகிற எங்கள் தொழிலில் மட்டும் வேலையை நன்றாகச் செய்தால்தான் சரக்கு கெடும். இந்த உண்மை புரிய எனக்குப் பன்னிரண்டு வருஷம் ஆனது. உங்களில் யாராவது இதே பாவத்தைச் செய்கிறவர்களாக இருந்தால் கிட்ட வாருங்கள், சேர்ந்து அழலாம். அழுகை என்று சும்மா சொல்கிறேன். சிரிப்புதான் அதிகம்.

நான் செம்பூரில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க். சனிக்கிழமை அரை நாள். அந்த மீதி அரை நாளில்தான் மும்பையின் மூலை முடுக்கெல்லாம் சுற்றித் தமிழில் எழுதுவேன். போன வருஷம் நான் போட்ட ஒரே ஒரு பதிவால், தாராவியில் ஐந்து பெண்கள் தினமும் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்த இடம் அவர்கள் கையை விட்டுப் போனது. அது நான் பிறந்து வளர்ந்த முடுக்கு. அந்த இடத்தை அவர்களுக்குத் திருப்பி வாங்கிக் கொடுக்காவிட்டால் அங்கே நான் தலை காட்ட முடியாது என்கிற அளவுக்கு ஆகிவிட்டது. அதற்கு முன்னால், நான் திருந்துவதற்குக் கிடைத்த சந்தர்ப்பங்களைக் கோட்டைவிட்ட விதத்தையும் சொல்லிவிடுகிறேன்.

சர்வேயா மேடம்?

கையில் நோட்டும் பேனாவுமாக ஒருத்தி குடிசைப் பகுதிக்குள் நடந்தால் இந்த ஊரில் எல்லோரும் நினைப்பது ஒன்றுதான்: வீட்டை இடிச்சுக் கட்டப் போறாங்க, அளக்க ஆள் வந்தாச்சு. கோவண்டியில் ஒரு வீட்டு மாடிச் சுவர் விரிசலில் ஒரு கறிவேப்பிலைச் செடி முளைத்து ஆள் உயரம் வளர்ந்திருந்தது. யாரும் நட்டதில்லை. ஆனால் அந்தத் தெருவே அதில் பறித்துத்தான் தாளித்தது. எனக்கு வேறு என்ன வேண்டும்? கீழே நின்று அண்ணாந்து பார்த்து எழுத ஆரம்பித்தேன்.

வீட்டுக்காரம்மா ஓடி வந்தார். "சர்வேயா மேடம்?" என்று கேட்டவர் பதிலுக்குக் காத்திருக்கவே இல்லை. கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய் ஸ்டூலில் உட்கார வைத்தார். ரேஷன் கார்டு வந்தது, லைட் பில் வந்தது, டீயும் வந்தது. பரணையும் ஒரு அறையாக எழுதிக்கொள்ளச் சொன்னார். ஊருக்குப் போயிருந்த கொழுந்தனைக்கூட வீடியோ காலில் கூப்பிட்டு, "ஆள் இருக்காரு பாத்துக்கோங்க" என்று காட்டினார். டீயைப் பாதி குடித்த பிறகு எனக்கு மனசாட்சி உறுத்தியது. நான் சர்வேக்காரி இல்லை, உங்கள் செடியைப் பற்றி எழுத வந்தவள் என்று மெல்லச் சொன்னேன். அந்தம்மா என் கையிலிருந்த டம்ளரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "வீட்டப் பத்தி எழுதாம செடியப் பத்தி எழுதுறியா? சரி, குடிச்சதக் குடிச்சிட்டே, மிச்சத்தையும் குடிச்சிட்டுக் கெளம்பு."

மாட்டுங்கா மாமாவின் பெஞ்சு

மாட்டுங்காவில், கடைத்தெருச் சத்தம் எட்டாத ஒரு சந்தில், தூங்குமூஞ்சி மரத்தடியில் ஒரு சிமெண்ட் பெஞ்சு இருந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மாமா ஒருவர் தினமும் காலையில் காபி குடித்த கையோடு அங்கே வந்து உட்கார்ந்து பேப்பர் படிப்பார். பேப்பரின் நாலாவது பக்கம் வரும்போது தூங்கிவிடுவார். அந்தத் தூக்கத்தைப் பற்றி நான் எழுதியதை இன்றைக்குப் படித்தாலும் எனக்கே கொட்டாவி வரும். அவ்வளவு நன்றாக அமைந்துவிட்டது.

ஒரு மாசம் கழித்து அந்தப் பக்கம் போனேன். பெஞ்சில் ஒரு ஜோடி உட்கார்ந்திருந்தது. கல்யாணத்துக்கு முந்தைய போட்டோவாம். ஒருவன் வெள்ளைக் குடையைப் பிடித்துக்கொண்டு நிற்க, இன்னொருவன் தரையில் மல்லாந்து படுத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். மாமா கொஞ்சம் தள்ளி, ஒரு ஸ்கூட்டரில் சாய்ந்து நின்றபடி நாலாவது பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டு சிரித்தார். கோபமே படவில்லை. "அம்மாடி, நீ எழுதினதை என் மாட்டுப்பொண் படிச்சுக் காமிச்சா. ரொம்ப நன்னா எழுதியிருக்கே. இனிமே அவ்ளோ நன்னா எழுதாதே."

இங்க கை சும்மா இருக்கக் கூடாது

அப்போதாவது நான் திருந்தியிருக்க வேண்டும். திருந்தவில்லை. நேரே தாராவிக்குப் போனேன்.

எங்கள் முடுக்கில் காத்து கிடையாது. இரண்டு பக்கமும் பட்டறைகள், தலைக்கு மேல் தகரம். ஒரு ஆள் நடந்தால் எதிரே வருகிறவர் சுவரோடு சுவராக ஒட்டி நிற்க வேண்டும். மே மாசம் ஃபேனைப் போட்டால் வெந்நீரை வாரி மேலே ஊற்றும். ஆனால் முடுக்கின் கடைசியில், ஒரு தோல் பட்டறைச் சுவரும் ஒரு மாவு மில் சுவரும் சேராமல் விட்ட இரண்டடி இடைவெளி இருக்கிறது. மத்தியானம் மூணு மணியானால் கழிமுகப் பக்கத்திலிருந்து அந்த இடைவெளி வழியாக ஒரு காத்து வரும் பாருங்கள், அடடா! ஏசியெல்லாம் அதன் கால் தூசிக்குக் காணாது. சில நாள் நாத்தத்தையும் கூடவே கூட்டிக்கொண்டு வரும். அதைப் பெரிசுபடுத்தக் கூடாது.

அந்த மூலையில் மூணு மணியிலிருந்து நாலரை வரை ஐந்து பெண்கள் உட்காருவார்கள். தலைவி எஸ்தர் அக்கா. என்னைவிட ஐந்து வயசு மூத்தவள், எங்கள் பழைய வீட்டுக்கு எதிர் வீட்டுக்காரி. அவளுக்கு அடுத்த வாய் முத்துலட்சுமி. ஐந்து பேருக்கும் தாகா கட்டிங்தான் வேலை. தைத்து முடித்த பேண்ட்டுகளில் அங்கங்கே தொங்குகிற நூலைச் சின்னக் கத்தரியால் வெட்டி எடுப்பார்கள். கறுப்புப் பேண்ட்டில் கறுப்பு நூல், வீட்டுக்குள் இருட்டில் கண்ணுக்கே தெரியாது. அந்த மூலையில் காத்தும் உண்டு, வெளிச்சமும் உண்டு. ஐந்து மணிக்குக் குழாயில் தண்ணீர் வந்துவிடும், அதற்குள் அன்றைய பேண்ட் கட்டு முடியவேண்டும். அங்கே ஒரு சட்டம் இருந்தது. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், ஆனால் கை சும்மா இருக்கக் கூடாது. சனிக்கிழமை நான் போனாலும் "வாட்டி கிரேசு" என்று என்னைக் கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு பேண்ட் மடியில் வந்து விழும்.

அதைப் பற்றி எழுதலாம் என்று என் புத்தி போனது. எழுதினால் படம் வேண்டுமே? மடியெல்லாம் பேண்ட்டும் நூலுமாக இருந்தால் படம் அலங்கோலமாக இருக்கும் என்று, எல்லாக் கட்டையும் தூக்கிச் சுவருக்குப் பின்னால் மறைத்து வைக்கச் சொன்னேன். ஐந்து பேரும் தலையைக் கோதிக்கொண்டு, காத்தில் முந்தானை பறக்க, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். படம் பிரமாதமாக வந்தது. "உழைத்துக் களைத்தவர்கள் ஓய்வெடுக்கும் குளிர்ந்த மூலை" என்று தலைப்பும் போட்டேன். முத்துலட்சுமி மட்டும் அப்போதே முணுமுணுத்தாள்: "யக்கா, வேலைய ஒளிச்சி வச்சிட்டா போட்டோ எடுக்கிய? பாக்கவொ நம்மளச் சோம்பேறிக் களுதைகன்னுல்லா நினைப்பாவ."

படம் போன ஊர்கள்

நான் ஆயிரம் வார்த்தை எழுதியிருந்தேன். கை சும்மா இருக்கக் கூடாது என்கிற சட்டமும் அதில் பதினோராவது பத்தியில் இருந்தது. அதை யாரும் படிக்கவில்லை. என் மகள் ஷீபா அந்தப் படத்தை மட்டும் எடுத்து, "தாராவியில் இலவச ஏசி" என்று ஹிந்தியில் ஒரு வரி எழுதி, எங்கே இருக்கிறது என்று மேப்பில் புள்ளியும் வைத்துத் தன் பக்கத்தில் போட்டாள். அம்மாவுக்கு உதவி செய்கிறாளாம். காலேஜ் பிள்ளைகள் அதை ஆளுக்கு ஆள் அனுப்பினார்கள். ஒரே வாரத்தில் அது மும்பை முழுக்கச் சுற்றியது.

ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பாந்த்ராவிலிருந்து வந்தார்கள், கொலாபாவிலிருந்து வந்தார்கள். காலேஜ் ஜோடிகள் வந்தார்கள். ஒருவர் யோகா பாயோடு வந்தார். மூணு மணிக்கு எஸ்தர் அக்கா கட்டோடு போனால் உட்கார இடம் இருக்காது. ஒரு நாள் பிடிவாதமாக அவள் தன் வழக்கமான இடத்தில், அந்த இடைவெளிக்கு நேர் எதிரே போய் உட்கார்ந்துவிட்டாள். பின்னாலிருந்து ஒரு பெண் அவள் தோளை மெதுவாகத் தட்டி, மரியாதையான ஹிந்தியில் ஒன்று சொன்னாள். தமிழில் சொன்னால் இதுதான்: "ஆன்ட்டி, கொஞ்சம் நகர்ந்து உக்காருங்க ப்ளீஸ், நீங்க காத்தை மறைக்கிறீங்க."

அழிக்கிறது லேசு

எஸ்தர் அக்கா போன் போட்டாள். அவள் போனில் பேசினால் காதிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்துத்தான் கேட்க வேண்டும். "ஏட்டி, உடனே வா" என்றாள். போனேன். ஐந்து பேரும் முடுக்கின் இந்த முனையில், பொதுக் கக்கூஸ் சுவரோரம், வெயிலில் உட்கார்ந்து நூல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி தலையில் ஈரத் துண்டு போட்டிருந்தாள். என் மடியில் பேண்ட் வந்து விழவில்லை. உட்காரக்கூட யாரும் சொல்லவில்லை. நாற்பத்தைந்து வயசில் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

விஷயம் வெயிலோடு நிற்கவில்லை. வேலை மெதுவாக நடந்ததால் இரண்டு நாள் கட்டு முடியவில்லை. கட்டு கொடுக்கிற சேட், இப்படியே போனால் பக்கத்து முடுக்குக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டாராம். போதாக்குறைக்கு யாரோ அவரிடம் என் படத்தைக் காட்டியிருக்கிறார்கள். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஐந்து பேரைப் பார்த்து, "காம் கப் கர்தே ஹோ?" வேலை எப்போதான் செய்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். முத்துலட்சுமி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அன்றைக்கே சொன்னவள் அவள்தானே.

அங்கேயே நின்றபடி போனை எடுத்து அந்தப் பதிவை அழித்தேன். ஷீபாவுக்குப் போன் போட்டு அவள் போட்டதையும் அழிக்க வைத்தேன். "பாருங்கக்கா, போயிருச்சு, சுத்தமா இல்ல" என்று எல்லோருக்கும் காட்டினேன். எஸ்தர் அக்கா போனைப் பார்க்கவில்லை. முடுக்கின் அந்த முனையை, அங்கே ஆடிக்கொண்டிருந்த யோகாக்காரரின் காலைப் பார்த்தாள். "நீ எழுதுனத நீ அழிச்சிட்டட்டி. அந்தா தலகீழா நிக்கானே, அவன ஆரு அழிப்பா?"

கருவாட்டு வைத்தியம்

யோசனை என்னுடையது. ஒத்துக்கொள்கிறேன். அந்த மூலையில் கருவாடு காயப் போடுவோம், வாடை தாங்காமல் எல்லாம் ஓடிவிடும் என்றேன். முதல் தடவையாக எஸ்தர் அக்கா முகத்தில் சிரிப்பு வந்தது. "ஓ பொண்ணே, உனக்கும் மண்டையில என்னமோ இருக்குட்டி" என்றாள். மறுநாளே நெத்திலியும் சாளையுமாக இரண்டு தட்டு நிறையப் பரப்பினார்கள். காத்தும் அன்றைக்குப் பார்த்து நன்றாக அடித்தது. அந்த வாடை மெயின் ரோடு வரைக்கும் போனதாகச் சொன்னார்கள். மூலைக்கு எதிர் வீட்டுக்காரி சண்டைக்கு வந்தாள். ஊரிலுள்ள பூனையெல்லாம் வந்தது. வந்தவர்கள் மட்டும் போகவில்லை.

போகாதது மட்டுமா? படுத்துக்கொண்டு கருவாட்டைப் படம் எடுத்தார்கள். ஒரு பெண் நெத்திலியை மூக்குக்குக் கிட்டே வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். அப்போதுதான் விக்கி வந்தான். சுனாபட்டியில் வளர்ந்த தமிழன். வெளிநாட்டுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு தாராவியைச் சுற்றிக் காட்டுவது அவன் பிழைப்பு. நல்லவன்தான், தமிழ்தான் பாதிவழியில் ஹிந்திக்குத் தாவிவிடும். கருவாட்டைப் பார்த்து அவன் முகம் மலர்ந்தது. "ஆன்ட்டி, சனிக்கிழமையும் இந்த சுக்கா மச்சி போடுவீங்கதானே? பீஸ் லோக் வர்றாங்க, இருபது பேரு, எல்லாம் ஃபாரின். ஏக்தம் ஒரிஜினல் ஃபீல் இருக்கு ஆன்ட்டி!"

இருபது பேரும் மூணு கட்டும்

சனிக்கிழமை வந்தது. அன்றைக்குப் பார்த்துச் சேட் மூணு கட்டு அனுப்பியிருந்தார். ஐந்து மணிக்குள் கொடுக்காவிட்டால் இதுதான் கடைசி என்று சொல்லி அனுப்பினாராம். பள்ளிக்கூடம் முடிந்து நான் ஓடிப் போனபோது மணி மூணு. மூலை முழுக்க விக்கியின் ஆட்கள். தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாகக் காலை நீட்டி உட்கார்ந்து காத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். கொலாபாவிலிருந்து நாலைந்து பேரும் கூட வந்திருந்தார்கள். மூணு பேர் தலையில் கட்டோடு ஐந்து பெண்களும் நின்றார்கள். முத்துலட்சுமிக்குக் கண் கலங்கிவிட்டது. "இந்த வேலையும் போச்சுன்னா நான் எங்ஙன போவேன்?" என்றாள். விக்கியிடம் போய்க் கெஞ்சலாம் என்று நான் அடி எடுத்து வைக்கும்போதே எஸ்தர் அக்கா என்னைத் தாண்டிப் போனாள்.

நேரே நடுவில் போய் நின்று தலையிலிருந்த கட்டைத் தொப்பென்று போட்டாள். "விக்கி, இவ்வொகிட்ட சொல்லு. இங்க உக்காரலாம், ஆனா கை சும்மா இருக்கக் கூடாது. இது இன்னைக்கி நேத்துச் சட்டம் இல்ல." விக்கி ஏதோ ஆங்கிலத்தில் சொன்னான். எல்லோரும் "ஓ!" என்று கை தட்டினார்கள். இதுவும் சுற்றுலாவில் சேர்த்தி என்று நினைத்துவிட்டார்கள் போல. முத்துலட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டு வீடு வீடாக ஓடிக் கிடைத்த கத்தரியெல்லாம் வாங்கி வந்தாள். நகவெட்டிகூட ஒன்று வந்தது. ஆளுக்கு ஒரு பேண்ட். என் மடியிலும் ஒன்று விழுந்தது. அன்றைக்கு அந்தப் பேண்ட்டைக் கட்டிப் பிடித்து முத்தம் கொடுத்திருப்பேன், நூல் வாய்க்குள் போய்விடுமே என்றுதான் விட்டேன்.

முதல் பத்து நிமிஷம் ஒரே சிரிப்பும் செல்ஃபியும். பிறகு எஸ்தர் அக்கா சோதனைக்கு வந்தாள். ஒவ்வொரு பேண்ட்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இந்தா, இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு" என்று திருப்பித் திருப்பி மடியில் போட்டாள். எழுந்திருக்கப் பார்த்தவர்களைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். ஒரு நெட்டை வெள்ளைக்காரர் நூல் என்று நினைத்து பெல்ட் மாட்டுகிற பட்டையையே வெட்டி எடுத்துவிட்டு, பெருமையாகத் தூக்கிக் காட்டினார். எஸ்தர் அக்கா "அட சவத்த மூதி!" என்றாள். அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு இரண்டு கையையும் கூப்பினார். முத்துலட்சுமி அந்தப் பேண்ட்டைத் தையல்காரர் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு ஓடினாள். அரை மணி நேரத்தில் கால் மரத்துப்போய்ப் பாதிப் பேர் நொண்டிக்கொண்டே கிளம்பினார்கள். மீதிப் பேர் முதுகைப் பிடித்துக்கொண்டு வெட்டினார்கள். நாலே முக்காலுக்கு மூணு கட்டும் முடிந்தது. சேட் ஆள் வந்து எண்ணி வாங்கிக்கொண்டு போனான். போகிற போக்கில் கொலாபா பெண் ஒருத்தி தன் தோழியிடம் ஹிந்தியில் சொன்னது என் காதில் விழுந்தது: "ரிலாக்ஸ் பண்ணலாம்னு வந்தா, நம்ம ஆபீஸ் மேனேஜரையே தேவலைன்னு சொல்ல வச்சிட்டாங்கடி இந்த ஆன்ட்டி."

வாசிச்சுக் காட்டு

அந்தப் பேச்சு பரவியது. "காத்து நல்லாருக்கு, ஆனா வேலை வாங்குறாங்க" என்று மேப்பில் எழுதி இரண்டே நட்சத்திரம் கொடுத்தார்கள். அதற்குப் பிறகும் வந்த ஒன்றிரண்டு பேருக்கும் பேண்ட் கிடைத்தது. யோகாக்காரர் ஒரு தடவை நேராக உட்கார்ந்து நாலு பேண்ட் வெட்டினார், அதன் பிறகு ஆளே காணோம். விக்கி தன் ஆட்களை வேறு பக்கம் திருப்பிவிட்டான். மூலை பழையபடி ஐந்து பேருக்குக் கிடைத்தது. சனிக்கிழமைகளில் ஆறு.

எனக்குக் கை பரபரத்தது. பன்னிரண்டு வருஷத்தில் இப்படி ஒரு கதை எனக்குக் கிடைத்ததில்லை. எழுதியே தீருவேன் என்றேன். "எழுது. ஆனா போடுததுக்கு முந்தி இங்க வந்து வாசிச்சுக் காட்டணும்" என்றாள் எஸ்தர் அக்கா. சரி என்று எழுதிக்கொண்டு போய்ப் போனைப் பார்த்து உரக்க வாசித்தேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். வெள்ளைக்காரர் கும்பிட்ட இடத்தை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார்கள். வாசித்து முடித்த பிறகு ஆரம்பித்தது. "எம்பேர எடுத்துருக்கா, ஊர்ல மாமியா படிப்பா" என்றாள் முத்துலட்சுமி. எடுத்தேன். "கருவாட்ட எடு, எதுத்த வீட்டுக்காரிகூட இப்பத்தான் ராசியாயிருக்கு." எடுத்தேன். "சேட்ட எடு." எடுத்தேன். "மாவு மில்ல எடு, வழி கண்டுபிடிச்சிருவானுவ." எடுத்தேன். கடைசியில் எஸ்தர் அக்கா, "அந்தக் காத்த எடுத்துரு" என்றாள். "காத்தையும் எடுத்துட்டா என்னக்கா மிச்சம்?" என்று கேட்டேன். "எடுட்டி, பாப்போம்." எடுத்தேன். போனில் வெள்ளையாக ஒன்றுமே இல்லை. "இப்பம் வாசி" என்றாள். நான் போனைப் பார்த்தபடி பேசாமல் உட்கார்ந்திருந்தேன். ஐந்து பேரும் கத்தரியை நிறுத்திவிட்டு மரியாதையாகக் கேட்டார்கள். காத்து நல்லா வந்துகொண்டிருந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

ஆனாலும் எழுதுகிறவள் புத்தி போகுமா? அடுத்த சனிக்கிழமை இன்னொரு தடவை கேட்டுப் பார்த்தேன். நெட்டில் போட மாட்டேன், பேரையெல்லாம் மாற்றிவிடுகிறேன், எந்த முடுக்கு என்று சொல்ல மாட்டேன், தமிழில் அச்சுப் புத்தகமாக வரும், அதில் மட்டும் போடட்டுமா என்றேன். ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எஸ்தர் அக்காவின் முகத்தில் கவலையெல்லாம் தீர்ந்து போனது. புதுப் பேண்ட் ஒன்றை எடுத்து என் மடியில் போட்டுவிட்டுச் சொன்னாள்: "பொஸ்தகமா? அதுக்கென்னட்டி, தாராளமாப் போடு. கருவாட்டோட, காத்தோட, எல்லாத்தையும் போடு. அத எவன் படிக்கப் போறான்?"

ஆகவே, சக பாவிகளே, மும்பையில் இன்னும் யார் கண்ணிலும் படாத மூலை ஒன்று வேண்டுமென்றால் தெருத்தெருவாக அலையாதீர்கள், தமிழில் ஒரு புத்தகம் போட்டு அதற்குள் காலை நீட்டி உட்கார்ந்துகொள்ளுங்கள்.